பத்து நாள் முகாமா, சனிக்கிழமைப் பரேடா: எட்டாம் வகுப்புப் பிள்ளையை எதில் சேர்ப்பது?

கோடை விடுமுறை தொடங்கும் நாள்களில் பாளையங்கோட்டையில் நாளிதழுக்குள் மடித்து வரும் துண்டறிக்கைகளில் நீச்சல், கராத்தே, ஓவியம் ஆகியவற்றோடு அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பச்சைப் புள்ளி உடை அணிந்த சிறுவர்கள் கயிற்றில் தொங்கும் படம் ஒன்று மேலே இருக்கும். அதன் கீழே ராணுவப் பாணியில் தலைமைப் பண்புப் பயிற்சி, பத்து நாள், உணவும் தங்குமிடமும் உட்பட என்று அச்சிட்டிருக்கும். இந்த ஆண்டு அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என் தங்கையே வந்துவிட்டாள். அவளுடைய மகன் எட்டாம் வகுப்புக்குப் போகிறான். "பய காலைல எந்திக்கவே மாட்டேங்கான் அண்ணே. பட்டாளத்துக்காரங்க கையில பத்து நாள் கெடந்தாம்னா சரியாயிருவாம்லா?" என்று கேட்டாள்.

அன்று அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். ஒரு பள்ளியில் பதினோரு ஆண்டுகள் என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படையின் பொறுப்பாசிரியராக இருந்தவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை வாசகர் எளிதாக ஊகித்துக்கொள்ளலாம். அதை மறைத்துவிட்டு நடுநிலையாளனைப் போல் எழுதுவதைவிட, இருப்பதைச் சொல்லிவிட்டு எழுதுவது நல்லது.

என் தங்கை வேண்டியது காலையில் எழும் பழக்கம். துண்டறிக்கை விற்றது தலைமைப் பண்பு. இரண்டும் ஒரே சரக்கு என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் சீருடை. ஆனால் ராணுவம் அவ்வாறு எண்ணுவதில்லை என்பதை, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க அது நடத்தும் எஸ்.எஸ்.பி. தேர்வைப் பார்த்தாலே அறிந்துகொள்ளலாம். ஐந்து நாள் நடக்கும் அந்தத் தேர்வில், மைதானக் குழுப் பணிகளுள் தொடக்கத்தில் வருபவற்றில் தலைவர் என்று யாரையும் நியமிப்பதில்லை. சில பலகைகளையும் கயிறுகளையும் கொடுத்து, தரையைத் தொடாமல் தடைகளைக் கடக்கச் சொல்லிவிட்டு, தேர்வாளர் ஒதுங்கி நின்று பார்க்கிறார். வழியைக் கண்டுபிடிப்பவன் யார், அடுத்தவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவன் யார், தன் யோசனை தள்ளப்பட்ட பிறகும் தோள் கொடுப்பவன் யார் என்பதே அங்கே கணக்கு. எவனுடைய கால் எவ்வளவு உயரம் எழுகிறது என்பதை அந்த ஐந்து நாளில் ஒருவரும் அளப்பதில்லை. அணிநடை ஒரு கூட்டத்தைப் படையாக்குகிறது. அதனால் மட்டும் ஒருவன் தலைவனாகிவிடுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் பிடித்துக்கொண்டால் துண்டறிக்கையின் கவர்ச்சி பாதி குறைந்துவிடும்.

அப்படியானால் அணிநடையால் பயனே இல்லையா என்றால், நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை நிச்சயமாக உண்டு. அதன் காரணம் சற்றுக் கசப்பானது. திருநெல்வேலிச் சீமையின் பள்ளிகளில் மாணவர் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் அவர்களுடைய சாதியைச் சொல்கிறது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள்; வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னதோடு, எல்லாச் சமூகத்து மாணவரும் அடங்கிய சமூக நீதி மாணவர் படை ஒன்றைச் சீருடையோடும் அணிவகுப்புப் பயிற்சியோடும் உருவாக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. சீருடையும் அணிவகுப்பும் எதற்குப் பயன்படும் என்று அந்தக் குழு கருதியதோ, அதையே நானும் மைதானத்தில் பார்த்திருக்கிறேன். பரேடில் உயர வரிசைப்படி நிறுத்துவார்கள். பக்கத்தில் நிற்பவனை நீ தேர்ந்தெடுக்க முடியாது. அவன் காலை மாற்றி வைத்தால் உன் வரிசையும் கெடும். எனவே அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது உன் வேலையாகிவிடும்.

ஒருமுறை ஆண்டுப் பயிற்சி முகாமில், அடுத்தடுத்த ஊர்களைச் சேர்ந்த இரண்டு பையன்களுக்கு உணவு பரிமாறும் பொறுப்பு ஒன்றாக விழுந்தது. அவர்களுடைய ஊர்ப் பெரியவர்கள் ஒரே கடையில் தேநீர் குடிக்காதவர்கள். பையன்களோ இரண்டு காது வைத்த சாம்பார் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடப்பதற்காகக் கால்களை ஒன்றாக எடுத்து வைத்தார்கள். மூன்றாம் நாள் அவர்களுக்குள் வேடிக்கைப் பேச்சுகூட வந்துவிட்டது. பத்து நாளில் சாதி கரைந்துபோனது என்று கதை சொல்ல நான் விரும்பவில்லை. ஊருக்குத் திரும்பியபின் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் தனித்தனியாகத்தான் நின்றார்கள். ஆனாலும் சனிக்கிழமைதோறும் மைதானத்தில் மீண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், இரண்டு ஆண்டுகள். நான் ஒப்பிடும் எல்லாவற்றையும் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்: பிள்ளை தானே தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு எவ்வளவு காலம் சேர்ந்து வேலை செய்கிறான், அவர்களுக்காக எதற்கேனும் பொறுப்பேற்கிறானா?

இந்த அளவுகோலில் பத்து நாள் தனியார் முகாம் முதல் சுற்றிலேயே தோற்றுப்போகிறது. குற்றால மலையடிவாரத் தோப்புகளில் நடப்பவை சிலவற்றை நேரில் போய்ப் பார்த்தேன். கயிறு ஏறுதல், சேற்றில் ஊர்தல், இரவில் தீ மூட்டிப் பாட்டு என்று பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. உல்லாசப் பயணமாக நினைத்து அனுப்புபவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அங்கே சேர்பவர்கள் ஒரே வகையான கட்டணத்தைக் கட்டக்கூடிய, ஒரே வகையான பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள். பதினோராம் நாள் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். பொறுப்பென்று எதையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. அதட்டல் பையனைத் திருத்தும் என்ற நம்பிக்கைக்கும் பெரிய ஆதாரம் கிடையாது. சட்டத்தோடு மோதிய சிறுவர்களுக்காக அமெரிக்காவில் 1990-களில் ராணுவப் பாணி முகாம்கள் பெருமளவில் நடத்தப்பட்டன. பிற்பாடு அவற்றின் விளைவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள், முகாமுக்குப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் குற்றம் செய்ததாகப் பொதுவில் காட்டவில்லை. அதட்டுபவர் இருக்கும்வரை விடியற்காலையில் எழுகிறான். அவர் போனபின் யாருக்காக எழ வேண்டும்?

இதைவிடக் கடுமையான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு தனியார் பள்ளியில் போலியாக நடத்தப்பட்ட முகாமில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று என்.சி.சி. பிறகு அறிவித்தது. உண்மையான என்.சி.சி.யில் பிள்ளை சேரும்போது அந்தப் பகுதியின் பட்டாலியன், அதாவது என்.சி.சி.யின் வட்டாரப் படைப்பிரிவு வழியாகப் பதிவு நடக்கிறது, கேடட் எனப்படும் மாணவருக்குத் தனி எண் வழங்கப்படுகிறது, முகாமுக்குப் பட்டாலியனின் அதிகாரி பொறுப்பேற்கிறார், மாணவியர் செல்லும் முகாமில் பெண் பொறுப்பாளர் உடனிருக்கிறார். சீருடையும் விசிலும் வைத்திருக்கும் எவரும் தம்மைப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதால், இவற்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் பட்டாலியன் அலுவலகத்திலும் கேட்டு உறுதி செய்துகொள்ள எந்தப் பெற்றோரும் கூச்சப்படக் கூடாது.

இனி என்.சி.சி.க்கு வருவோம். குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 1948-இல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்ட அமைப்பு இது. இதில் சேர்வதால் ராணுவத்தில் பணியாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் ஏற்படாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கிராமங்களில் இன்றும் சில தாய்மார் அதற்கு அஞ்சுகிறார்கள். பள்ளி மாணவருக்கான இளநிலைப் பிரிவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேரலாம். இரண்டு ஆண்டுப் பயிற்சி, குறைந்தது 75 விழுக்காடு வருகை, ஒரு முகாம் ஆகியவை இருந்தால் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். அணிநடை, பாயிண்ட் டூ டூ துப்பாக்கி சுடுதல், வரைபடம் பார்த்தல், முதலுதவி, சமூகப் பணி என்று பாடங்கள் விரியும். ஆணைச் சொற்கள் இந்தியில் இருக்கும். 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது இந்த ஆணைச் சொற்களையும் சேர்த்தே எதிர்த்தது என்பது பழைய வரலாறு. இன்றைய பிள்ளைகள் 'சாவ்தான்', 'விஷ்ராம்' இரண்டையும் கிரிக்கெட் சொற்களைக் கற்பதுபோல ஒரு வாரத்தில் கற்றுவிடுகிறார்கள்; அதனால் அவர்களுக்கு இந்தி வந்துவிடுவதும் இல்லை.

என்.சி.சி.யில் தலைமைப் பயிற்சி எங்கே இருக்கிறது என்றால், இரண்டாம் ஆண்டில் இருக்கிறது. முதலாண்டு முழுவதும் சொன்னதைச் செய்தவன், ஒன்பதாம் வகுப்பில் கார்ப்பரலாகவோ சார்ஜென்ட்டாகவோ ஆகி, புதிதாக வந்த பத்துப் பேருக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். இடது வலது தெரியாமல் தடுமாறும் ஒருவனை அழவிடாமல் திருத்துவது எப்படி, தன் நண்பன் தாமதமாக வந்தால் பெயரை எழுதுவதா விடுவதா, எடுத்துச்சென்ற பெல்ட்டுகள் எண்ணிக்கை குறையாமல் திரும்பினவா என்ற சில்லறைக் கவலைகளில்தான் அந்தப் பிள்ளை முதிர்கிறான். பயிற்சி தரவரும் ராணுவ ஹவில்தார் அதட்டுவது பயிற்சியின் மேல்தோல் மட்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் என்.சி.சி. கிடையாது, இருக்கும் பள்ளிகளிலும் இடங்கள் வரையறைக்குட்பட்டவை. உயரமும் ஓட்டமும் பார்த்து எடுக்கும்போது, மெலிந்த, கூச்சமுள்ள, யாருக்கு இந்தப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையே கழிக்கப்பட்டுவிடுகிறான். நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். அணி அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை பொறுப்பாசிரியருக்கு எளிதில் வந்துவிடும். சில பள்ளிகளில் விருந்தினரை வரவேற்க வரிசையில் நிறுத்துவதும் நாற்காலி தூக்க வைப்பதுமே ஆண்டு முழுவதும் பயிற்சி. எல்லாம் அந்த ஓர் ஆசிரியரைப் பொறுத்தது. அவர் பாட வேளைச் சுமைக்கு நடுவே இதை இழுத்துப்போட்டுச் செய்பவரா, பரேடு நாளன்று ஊழியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுபவரா என்பதைச் சேர்ப்பதற்கு முன் மூத்த மாணவர் இருவரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

சான்றிதழின் மதிப்பைப் பற்றிப் பெற்றோர் வைத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் மிகை. பள்ளியில் கிடைக்கும் 'ஏ' சான்றிதழ் தொடக்கப்படி மட்டுமே. கல்லூரியில் தொடர்ந்து 'சி' சான்றிதழ் பெற்றால், பட்டத்துக்குப் பின் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குச் செல்லும் சிறப்பு நுழைவு வழி திறக்கிறது. அக்னிவீர் சேர்க்கையிலும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்விலும் என்.சி.சி. சான்றிதழுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. காவல் துறையையும் ராணுவத்தையும் கனவாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் அந்தச் சில மதிப்பெண்களும் பெரிதுதான். ஆனால் எட்டாம் வகுப்பில் அதற்காகவே சேர்ப்பது, கன்று பிறக்குமுன் பால் கணக்குப் போடுவது.

சாரணர் இயக்கத்தைப் பலர் என்.சி.சி.யின் ஏழைத் தம்பியாக நினைக்கிறார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. அதைத் தோற்றுவித்த பேடன் பவல் ராணுவத் தளபதியாக இருந்தவர்; 1907-இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களை வைத்து நடத்திய சோதனை முகாமில் அவர் அணிவகுப்பை மையமாக்காமல், சிறு சிறு அணிகளாகப் பிரித்து ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். இன்றும் பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியும் அதன் தலைவனுமே அடிப்படை. பத்து வயதிலேயே சேரலாம், உயரம் பார்ப்பதில்லை, கூடாரம் அடிப்பதும் சமைப்பதும் வழி கண்டுபிடிப்பதும் அணியின் வேலை. எஸ்.எஸ்.பி. தேர்வாளர் தேடுவது எதுவோ அதற்கு இந்த முறை என்.சி.சி.யைவிட நெருக்கமானது என்றே சொல்வேன். ஆனால் நடைமுறையில் பல பள்ளிகளில் சாரணர் என்பது சுதந்திர தினத்தன்று கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கொடிமரத்தடியில் நிற்பதோடு முடிந்துவிடுகிறது. ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது வரை பிள்ளைகளை அழைத்துச் செல்லும் சாரண ஆசிரியர் உங்கள் பள்ளியில் இருந்தால், என்.சி.சி. இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. மேல்நிலை வகுப்புகளில் வரும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் சிற்றூர் முகாம் உண்டு. நல்லதுதான், ஆனால் அது பதினொன்றாம் வகுப்புப் பேச்சு.

சைனிக் பள்ளி முற்றிலும் வேறு வகையான முடிவு. மற்றவை பிள்ளையின் வாரத்தில் சில மணி நேரத்தைக் கேட்கின்றன. இது பிள்ளையையே கேட்கிறது. நம் மாநிலத்தின் பழைய சைனிக் பள்ளி 1962-இல் தொடங்கப்பட்டது, உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் இருக்கிறது. நெல்லையிலிருந்து மதுரை, திண்டுக்கல், பழனி தாண்டிப் போக ஒரு பகல் பயணம். நோக்கம் ஒளிவு மறைவில்லாதது: பிள்ளைகளைத் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அதாவது என்.டி.ஏ.வுக்குத் தயாரிப்பது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அனைத்திந்திய நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 400 மதிப்பெண்ணுக்கான ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது, அதில் பாதி மதிப்பெண் கணக்குக்கே போய்விடுகிறது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு வாசல் அகலம், ஒன்பதாம் வகுப்பு வாசல் குறுகல் என்பதை எட்டாம் வகுப்பில்தான் பலர் அறிகிறார்கள். ஆண்டுச் செலவு லட்ச ரூபாயைத் தாண்டும்; குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசின் உதவித்தொகை கிடைக்க வழியுண்டு. தனியார் பள்ளிகளோடு கூட்டாகச் சைனிக் பள்ளி நடத்தும் மத்திய அரசின் புதிய திட்டத்தில் தூத்துக்குடிப் பள்ளி ஒன்றும் ஒப்புதல் பெற்றது என்பதால், தொலைவை நினைத்துத் தயங்குபவர்கள் அதையும் போய்ப் பார்க்கலாம். டேராடூனில் 1922-இல் தொடங்கப்பட்ட, பெயரில் கல்லூரியானாலும் பள்ளியாகவே நடக்கும் ராணுவக் கல்லூரிக்கு எட்டாம் வகுப்பிலேயே சேர்க்கை நடந்துவிடும். என் மருமகன் அந்த ரயிலைத் தவறவிட்டுவிட்டான்.

சைனிக் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் ஒரு நிமிர்வும், தன் துணியைத் தானே துவைத்து மடிக்கும் தன்னிறைவும் இருப்பதை மறுக்க முடியாது. அதே நேரத்தில் எல்லோரும் என்.டி.ஏ.வுக்குப் போய்விடுவதில்லை, போகாதவர்கள் வழக்கம்போலப் பொறியியலுக்கும் பிற படிப்புகளுக்கும் வருகிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையான நான்கு ஆண்டுகள் வீட்டுக்கு வெளியே கழிந்துவிடுகின்றன. காலையில் எழாத பையனை எழுப்புவதற்காக அந்த விலையைக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. சீருடைமேல் பிள்ளைக்கே ஆசை இருந்து, அவனே பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு விமானத்தின் பெயர்களை ஒப்பிப்பவனாக இருந்தால், கடன் வாங்கியாவது அனுப்பலாம். ஆசை தகப்பனுடையது மட்டுமாக இருந்தால் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி இப்போது திறந்திருக்கிறது. சைனிக் பள்ளிகள் அவர்களைச் சேர்க்கின்றன; என்.டி.ஏ.வில் 2022-இல் நுழைந்த முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. என் தங்கைக்கு ஐந்தாம் வகுப்பில் ஒரு மகளும் இருக்கிறாள். அமராவதிநகர் பற்றி யோசிப்பதானால் அவளுக்காக யோசி என்றேன். அந்த வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுபவள் அவள்தான்.

ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது, எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீருக்கு நடுவே வீடு வீடாகச் சென்று யாருக்கு இன்சுலின் வேண்டும், யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று பட்டியல் எடுத்தவள் ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி. அவள் எந்தப் படையிலும் இருந்தவள் அல்லள். அம்மாவின் மளிகைக் கடையில் பற்று எழுதிப் பழகியவள். கடற்கரை ஊர்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மக்களை மீட்ட மீனவர்களுக்கும் யாரும் சான்றிதழ் கொடுத்துத் தலைமை கற்றுக்கொடுக்கவில்லை. பொறுப்புள்ள வேலை ஒன்று கையில் இருந்தால் பிள்ளைகள் சீருடை இல்லாமலும் வளர்ந்துவிடுவார்கள். வீட்டிலும் கடையிலும் வயலிலும் அத்தகைய வேலை கிடைக்காமல், பள்ளி, டியூஷன், கைப்பேசி என்று மூன்றுக்குள் அடைபட்ட பிள்ளைக்கு அதைச் செயற்கையாகவேனும் அமைத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது, என்.சி.சி.யும் சாரணரும் செய்வது அதைத்தான் என்பது என் எண்ணம்.

எனவே தங்கையிடம் நான் சொன்ன வரிசை இது. பள்ளி திறந்ததும் ஜூனில் என்.சி.சி. தேர்வுக்குப் பெயர் கொடுக்கட்டும். பையன் பதின்மூன்றைத் தொட்டுவிட்டான், ஓட்டமும் பரவாயில்லை. அங்கே எடுக்காவிட்டால் அதே பள்ளியில் சாரணர் அணி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். சைனிக் பள்ளிப் பேச்சை அவன் வாயிலிருந்து வரும்வரை நாம் எடுக்க வேண்டாம். குற்றால முகாமுக்குப் பணம் கட்டுவதாக இருந்தால் விளையாட்டுக்காகக் கட்டு, திருந்துவான் என்று கட்டாதே. காலையில் எழுவதற்கு, இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை உன் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் எழுப்பிய ஒரே ஐயம், சனிக்கிழமை காலை பரேடு என்றால் அதே நேரத்தில் இருக்கும் கணக்கு டியூஷனை என்ன செய்வது என்பதுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டியூஷன் ஆசிரியர் அந்த வகுப்பை மட்டும் ஞாயிறு மாலைக்கு மாற்றித் தர முடியுமா என்று பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்.